ஜாஸ்திப் பாட்டு

படப் புத்தகத்தின் அட்டையில் இருந்த ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி, ‘ஜாஸ்’ வரைக்கும் வந்துவிட்டாள் அம்மா. மிச்சத்தை அச்சடித்தவன் முழுங்கிவிட்டான் என்று தீர்மானித்து, ‘ஜாஸ்தி’ என்று தானே முடித்துவைத்தாள். எட்டாம் வகுப்புவரை படித்தவளுக்கு அவ்வளவு தைரியம் இருந்தது. அன்றிலிருந்து எங்கள் எல்லாருக்கும் அது ஜாஸ்திப் பாட்டுதான்.

ஒரகடத்தில் ஒரு கம்பெனி. லைனில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அதன் வளாகத்திலேயே ஓர் அறை. அங்கே அம்மா ஆயா, அதுவும் கான்ட்ராக்டில். அப்பா எங்களை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மாவின் அந்த வேலைதான் எங்கள் சோறு. எனக்கு ஐந்து வயது. நானும் அந்த அறையிலேயே கிடப்பேன்.

ஊருக்குத் திரும்பிய வெளிநாட்டு மேனேஜரின் மனைவி, ஒரு பெட்டி நிறையப் படப் புத்தகங்களையும், பாட்டு ஏற்றிய ஒரு குட்டி ஸ்பீக்கரையும் எங்களுக்கு விட்டுப் போயிருந்தாள். ஜாஸ்திப் புத்தகம் அதில் ஒன்று. வளைந்த பித்தளைக் குழாயை ஒருவர் ஊதுகிற படத்தைக் காட்டி, “இது இன்னா?” என்று அம்மா கேட்டாள். “சைலன்சர்!” என்றோம். எங்கள் தாய்மார்கள் லைனில் செய்தது பைக் சைலன்சர்தானே. அம்மா மறுக்கவில்லை. பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதற்குக் கைதட்டும் சூட்சுமத்தை மட்டும் தானாகவே பிடித்துவிட்டாள். “எல்லாரும் தட்ற எடத்துல தட்டாதீங்கடா. அத்த வுட்டுட்டு, அப்பால தட்டுங்க.”

கடைசிப் பக்கத்தில் ஒரு சவப்பெட்டி. பின்னால் ஊதுகிறவர்கள், குடை பிடித்து ஆடுகிறவர்கள். “சாவு!” என்று கத்தினோம். மோளத்துக்கு முன்னால் ஆடுகிற சாவைப் பார்க்காத பிள்ளை எங்களில் யார்?

“போவசொல்ல அழுதுகினே வாசிப்பாங்க. பொதைச்சிட்டு வரசொல்ல ஆடிக்கினே வருவாங்க. அப்பதான் செத்தவருக்கு மனசு ஆறும்” என்றாள் அம்மா. பின்னாளில் ஜாஸ் இசைக்காரர்களின் சாவு ஊர்வலத்தைப் பற்றிப் படித்தேன். ஏறக்குறைய சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

எங்களோடு தென்காசிக்காரப் பாப்பா ஒருத்தி இருந்தாள். அவள் அப்பாவும் அம்மாவும் அதே கம்பெனியில் வேலை செய்தார்கள். ஒரு நாள் கிரேனிலிருந்து நழுவிய இரும்புச் சுருள் அவள் அப்பாவின் மேல் விழுந்தது. வம்பு வேண்டாம் என்று கம்பெனிக்காரர்களே ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மின்மயானத்துக்குக் கொண்டுபோய் முடித்துவிட்டார்கள். “அப்பா ஊருக்குப் போயிருக்காரு” என்று பாப்பாவுக்குச் சொல்லச் சொன்னார்கள். அதைப் பற்றி யாராவது வாய் திறந்தால் மறுநாள் வேலை இருக்காது என்று ஆபீசர் வந்து சொல்லிவிட்டும் போனார். பத்து நாளில் அவள் அம்மா மறுபடி லைனுக்கு வந்துவிட்டாள். வேறு வழி?

அந்த வாரம் நாங்கள் சாவு விளையாட்டு விளையாடினோம். தட்டும் டம்ளரும் மோளம். யார் பிணம் என்று சண்டை வந்தபோது, பாப்பா ஒரு தலையணையை எடுத்துவந்து நடுவில் வைத்தாள்.

“இது எங்கப்பா” என்றாள்.

அம்மா வாசலை ஒருமுறை பார்த்தாள். தடுத்திருக்கலாம். தடுக்காமல், தானே போய் ஸ்பீக்கரைப் போட்டாள். தலையணையைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றி மெதுவாகப் போனோம். பாயில் கிடத்திவிட்டு ஆடிக்கொண்டே திரும்பினோம். விட்டு விட்டுத் தட்டினோம். பாப்பா எல்லாரையும்விடச் சரியாகத் தட்டினாள்.

ஷிப்ட் முடிந்து அவள் அம்மா வாசலில் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. “யாருக்குட்டீ இந்தக் கொட்டு?” என்று கேட்டாள். பாப்பா சொன்னாள். அவ்வளவுதான், அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து, “அவுகளுக்கு ஒரு கொட்டுகூட இல்லாமக் கொண்டு போயிட்டாவளே” என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். லைனிலிருந்து வந்த பெண்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். அந்தக் கட்டடத்தில் பாப்பாவின் அப்பாவுக்காக முதல் அழுகை அன்றுதான் கேட்டது.

சத்தம் கேட்டு ஆபீசர் ஓடிவந்தார். தலையணையைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார். “யார் இதெல்லாம் சொல்லிக்குடுத்தது?”

பெண்கள் வாயைத் திறக்கவில்லை. நல்லதைச் செய்தால் யார் செய்தது என்றுதானே கேட்பார்கள்? நான் முன்னால் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

“எங்கம்மா தான் சார். எல்லாமே எங்கம்மா தான் சொல்லிக்குடுத்துச்சு!”

அம்மா என்னை அடிக்கவில்லை. திட்டக்கூட இல்லை. இன்றுவரை அந்தப் பேச்சை அவள் எடுத்ததில்லை, எனக்கும் எடுக்க வாய் வரவில்லை.

மறுநாள் காலை கம்பெனி பஸ் வருகிற நேரத்தில் அவள் தலை சீவாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“லீவாம்மா?”

“ஆமாடி. லீவுதான்.”

“நாளைக்கி?”

“நாளைக்கும்தான்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருமுனைக்கு ஓடி, பஸ்ஸைப் பார்த்துக் கையாட்டி, “எங்கம்மாவுக்கு லீவு!” என்று கத்தினேன். ஜன்னலோரம் இருந்த அக்காக்கள் ஒருத்தரும் திருப்பிக் கையாட்டவில்லை. தங்களுக்கு லீவு கிடைக்கவில்லையே என்கிற வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.