சுண்ணாம்பு தடவாத கலயம்

சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த கன்னியர் மடத்தில் பதினோரு வருஷம் சமைத்தேன். நாலெழுத்து எழுதக் கற்றதும் அங்கேதான். மடத்தில் இத்தாலி தேசத்து சிஸ்டர் ஒருவர் இருந்தார். சிஸ்டரம்மா என்போம். தபசுக் காலம் நாற்பது நாளும் முட்டையைத் தொடமாட்டார். பாஸ்குத் திருநாளில், அதாவது ஈஸ்டரன்று, தம் ஊர் ரொட்டி ஒன்றைச் செய்யச் சொல்லி அதோடுதான் நோன்பை முடிப்பார். மைதாவில் சர்க்கரை, வெண்ணெய், சோம்பு, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்டுப் பிசைந்து, மூன்று புரியாகத் திரித்து, சடை பின்னுவதுபோலப் பின்னி வளையமாக்க வேண்டும். பின்னலுக்கு நடுவே ஓட்டோடு முட்டைகளைப் பதித்துச் சுட வேண்டும். முட்டைக்குச் சிவப்புச் சாயம், நாம் ஆரத்திக்குக் கரைக்கிற மஞ்சளும் சுண்ணாம்பும்தான். மாவு உப்புவதற்குக் கள்.

கள்ளுக்கு அப்போது பஞ்சமில்லை. என் வீட்டுக்காரரே மரமேறி. இறக்கியதில் பாதியைக் குடித்துவிட்டு வந்து என்னை அடிக்கிறவர். பிறகு மதுவிலக்கு வந்தது. மாகாணத்திலேயே முதலில் எங்கள் சேலம் ஜில்லாவுக்குத்தான். அவருக்குப் பதநீர் இறக்க மட்டும் லைசென்ஸ் கொடுத்தார்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர். தடவாவிட்டால் விடிவதற்குள் கள். அவ்வளவுதான் வித்தியாசம். அவர் ஒரு கலயத்தையும் விடாமல் தடவினார். வீட்டில் கருப்பட்டி காய்ச்சினோம். ஒன்றரை வருஷம் என் மேல் கை படவில்லை. நான் குடித்தனம் நடத்தியது என்றால் அந்த ஒன்றரை வருஷந்தான்.

கள் இல்லாத முதல் பாஸ்குவுக்கு இட்லி மாவைச் சேர்த்துப் பார்த்தேன். ரொட்டி வரட்டி மாதிரி வந்தது. மடத்துக்கு பன் கொண்டுவருகிற ஜங்ஷன் பேக்கரிக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். அவரிடம் கள் இல்லாமலே மாவை உப்பவைக்கிற வேறு ஏதோ புளிப்பு இருந்தது. கேட்டால் ஒரு கைப்பிடி கொடுத்திருப்பார். சிரித்தவனிடம் போய் நிற்பதா என்று எனக்கு ரோஷம்.

மறுவருஷம் சிஸ்டரம்மா கால் வீங்கிப் படுத்த படுக்கையாகிவிட்டார். கஞ்சிகூட இறங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இன்னும் ஒரு தடவை அந்த ரொட்டி வேண்டும், மகளே. உப்பி எழுந்த ரொட்டி" என்றார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏனுங்க, ஒரே ஒரு கலயத்துக்கு மட்டும் சுண்ணாம்பு தடவாமக் கட்டுங்க. சாகக் கெடக்குற மனுசி கேக்குறாங்க."

"வேண்டாம் புள்ள. அந்த வாசம் மூக்குல ஏறுச்சுன்னா எனக்கு என்மேலயே நம்பிக்கை இல்ல."

"ஒத்தக் கலயத்துல என்னங்க ஆயிரப்போவுது?"

அவர் சுண்ணாம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மூன்று நாள் சோறு போட்டேன், பேச்சுக் கொடுக்கவில்லை. திருநாளுக்கு முதல்நாள், சனிக்கிழமை காலையில், மடத்துச் சமையலறை வாசலில் வந்து கலயத்தை நீட்டினார்.

ரொட்டி எழும்பியது. அதற்கு முன்பு ஒருமுறைகூட அப்படி வந்ததில்லை. சிஸ்டரம்மா ஒரு முட்டையை எடுத்து வைத்துக்கொண்டார். சாயம் அவர் விரலில் ஒட்டியது. ரொட்டியில் இரண்டு விரற்கடை பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றார். அடுத்த வாரம் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்ததும் மற்ற சிஸ்டர்கள் என் கையைப் பிடித்து, கடைசி ஆசையை நிறைவேற்றினாய் என்று அழுதார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தக் கோடை முழுக்க எங்கள் மரத்தில் ஒரு கலயம் சுண்ணாம்பு படாமலே தொங்கியது. அப்புறம் இரண்டு. போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது, லைசென்ஸும் போயிற்று. திரும்பி வந்தவர் கள்ளச்சாராயத்துக்குப் போனார். பழையபடி அடி. நான்காம் வருஷம் ஈரல் கெட்டுச் செத்தார். குடிகாரன், குடித்தே போனான் என்று ஊரார் சொன்னபோது நானும் தலையை ஆட்டினேன்.

யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன். அந்தச் சனிக்கிழமை அவர் நீட்டிய கலயத்தில் பாதிதான் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். ரொட்டிக்கு அது போதும் என்று வாங்கிக்கொண்டு நான் உள்ளே போய்விட்டேன்.