டெட்ரா என்றால் நாலு

டெட்ரா என்றால் நாலு. கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த முன்னொட்டு. நான் வேலை பார்க்கும் பயிற்சி மையத்தில் வருஷா வருஷம் இதைப் பலகையில் எழுதுகிறேன். டெட்ராஹெட்ரான், நாலு முகம் கொண்ட உருவம். டெட்ராபாட், நாலு கால் பிராணி; கடல் அரிக்காமல் இருக்கக் கரையில் கொட்டிவைக்கிறார்களே நாலு கால் கான்கிரீட் கட்டி, அதற்கும் இதே பெயர்தான். டெட்ராமீட்டர், நாலு சீர் கொண்ட கவிதை வரி. இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்வேன். நாலு என்று பொருள் சொல்லிவிட்டு மூன்றோடு நிறுத்துகிற வாத்தியார் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பாடப்புத்தகத்தில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. பரீட்சைக்கு வராது என்று சொல்லித் தாண்டிவிடுவேன். இரண்டு தடவை வந்து தொலைத்தது. பிள்ளைகள் என்னைத் திட்டியிருப்பார்கள். திட்டட்டும்.

அந்தச் சொல் டெட்ராசைக்ளின். ஒரு மருந்து. அதன் மூலக்கூறில் நாலு வளையங்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் அந்தப் பெயர். நல்ல மருந்துதான், எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் கொடுக்கக் கூடாது. ஈறுக்குள் வளர்ந்துகொண்டிருக்கும் பல்லில் போய் உட்கார்ந்துகொள்ளும். பல் முளைக்கும்போதே மஞ்சளாக இருக்கும், வெளிச்சம் படப் படப் பழுப்பாகும், கடைசியில் சாம்பல் நிறத்தில் நிற்கும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. என் அக்காவின் பல் அப்படி.

அக்காவுக்கு இரண்டு வயதில் நெஞ்சுச் சளி. டாக்டர் ஒரு வாரத்துக்கு சிரப் எழுதிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் எல்லோரும் எழுதியதுதான், அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. சளி போய்விட்டது. அம்மா காலி பாட்டிலைக் கழுவி வைத்துக்கொண்டாள். அடுத்த தடவை குழந்தை இருமியதும் டாக்டரிடம் போகவில்லை, பாட்டிலை எடுத்துக்கொண்டு நேரே மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரர் பார்த்து அதே மாதிரி இன்னொன்று கொடுத்தார். இப்படியே சில வருஷம். இருமினால் பாட்டில், தும்மினால் பாட்டில். என் பெண்ணை ஆஸ்பத்திரி வாசல் மிதிக்க விட்டதில்லை என்று தெருவில் பெருமையடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரிகளுக்கும் பாட்டிலைக் காட்டி யோசனை சொன்னாள். அவர்கள் அம்மாவின் யோசனை எதையுமே கேட்பதில்லை, அவர்கள் பிள்ளைகள் தப்பித்தார்கள்.

பால் பல் விழுந்து நிரந்தரப் பல் முளைத்தபோது விஷயம் தெரிந்தது. வேறொரு டாக்டர் அக்காவின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் காரணத்தைச் சொன்னார். பல்லின் குறுக்கே கோடு கோடாகப் போகிறதே, மருந்து கொடுத்த காலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு என்று விளக்கம் வேறு சொன்னார். அம்மா வீட்டுக்கு வந்து பாட்டிலைத் தூக்கிப் போட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் அதற்குப் பிறகு பிறந்தவன். எனக்குப் பல் வெள்ளை.

பள்ளிக்கூடத்தில் அக்காவுக்கு டீத்தூள் என்று பெயர் வைத்தார்கள். அவள் அழுதுகொண்டு வந்தபோது அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். நாலு பேர் இருக்கிற இடத்தில் பல்லைக் காட்டாதே என்றாள். கண்ணாடி முன்னால் நிறுத்தி, மேலுதட்டைக் கீழே இழுத்துப் பிடித்துப் பேசப் பழக்கினாள். சிரிப்பு வந்தால் கையால் மூடிக்கொள்ள வேண்டும். தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. அக்கா கெட்டிக்காரி. சீக்கிரம் கற்றுக்கொண்டாள். கொஞ்ச நாளில் மூட வேண்டிய சிரிப்பே வரவில்லை, கை மட்டும் பழக்கத்தில் வாய்க்குப் போகும்.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அக்கா அப்படித்தான். அழுது பார்த்ததில்லை, கோபப்பட்டுப் பார்த்ததில்லை. ஒருவர் கல்யாணம் பேச வந்து, பெண்ணுக்குப் புகையிலைப் பழக்கம் ஏதாவது உண்டா என்று நாசூக்காகக் கேட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அக்கா கொடியிலிருந்து துணிகளை எடுத்து வந்து மடித்தாள். அப்பா இறந்த அன்றும் மடித்தாள். சட்டையின் கை இரண்டும் உள்ளே போய், ஓரம் ஓரத்தோடு சேர்ந்து, கடையில் வைத்த மாதிரி இருக்கும். உனக்கு வருத்தமாகவே இல்லையா என்று நான் ஒரு தடவை கேட்டேன். “எனக்கு ஒண்ணும் தோணலைடா” என்றாள். பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவள் போய்ச் சேர்ந்த வேலைதான் வேடிக்கை. டென்டல் லேப். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல் செட் செய்கிற இடம். ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் நீளமான ஒரே அறை. ஜன்னல் ஓரமாக மேஜைகள், மேஜைக்கு ஒரு சின்ன நெருப்பு, மெழுகு உருகும் வாசனை, எதைத் தொட்டாலும் விரலில் ஒட்டும் வெள்ளை மாவு. சுவர் முழுக்க இழுப்பறைகள், அவற்றில் நிறவாரியாகப் பற்கள். தூசிக்காக எல்லோரும் மாஸ்க் போட்டிருப்பார்கள். அதற்காகத்தான் அக்கா அங்கே சேர்ந்தாள் என்பது என் கணிப்பு. மெழுகில் பல் அடுக்குவது அவள் வேலை. இருபது வருஷத்துக்கு மேல் ஊரில் பாதிப் பேருக்குச் சிரிப்பு செய்து கொடுத்திருக்கிறாள். லேப் முதலாளி நல்ல மனுஷன், உங்கள் பல்லுக்கும் மேலே உறை செய்து மாட்டிக்கொள்ளலாமே என்று கேட்டிருக்கிறார். எதுக்கு, நல்லாத்தானே மெல்லுது என்று சொல்லிவிட்டாள்.

போன வருஷம் அம்மாவின் பற்கள் ஆட ஆரம்பித்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கடைசியில் வாய் காலியானது. பல் டாக்டர் செட் போட்டுக்கொள்ளச் சொன்னார். அம்மா மாட்டேன் என்று நின்றாள். ஜூஸும் பாலும் குடித்தே இருந்து மெலிந்துபோனாள். ஒரு மத்தியானம் நான் அட்டை டப்பாவில் ஸ்ட்ராவைக் குத்திக் கையில் கொடுத்தபோது, எனக்குப் பல் எதுக்குடா என்று ஆரம்பித்தவள், தானாகவே மற்றதையும் சொன்னாள். அக்கா ஒரு தடவைகூடத் தன்னைத் திட்டியதில்லையாம். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருப்பாளாம். “திட்டாதவகிட்ட எப்படிடா மன்னிப்புக் கேக்கறது? கேக்காமலே போயிடுவேன் போல இருக்கு.” ஸ்ட்ராவை உறிஞ்சினாள், டப்பா காலியாகி வெறும் சத்தம் வந்தது. இன்னொன்று வேணுமா என்று கேட்டேன்.

கடைசியில் அம்மா ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். அக்காதான் செய்ய வேண்டும். அக்கா சரி என்றாள். கடையில் எண்ணெய் வாங்கி வரச் சொல்லியிருந்தாலும் அப்படித்தான் சரி என்றிருப்பாள். டாக்டர் அச்சு எடுத்தார். அக்கா லேபிலிருந்து நிறம் பார்க்கும் அட்டையை வீட்டுக்குக் கொண்டு வந்தாள். வெளுப்பிலிருந்து மங்கல் வரைக்கும் வரிசையாக மாதிரிப் பற்கள் கோத்த அட்டை. அதை அம்மாவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, எது வேண்டும் என்று கேட்டாள்.

அம்மா அட்டையைப் பார்க்கவில்லை. “உன் பல்லு கலர்ல போடு” என்றாள்.

நான் பேப்பர் படிப்பதைப் போல உட்கார்ந்திருந்தேன். அக்கா அட்டையை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள், இருக்கிறதா என்று தேடுகிறவள் மாதிரி.

“அந்தக் கலர் வர்றதில்லம்மா.”

வயதுக்குப் பொருந்தும் ஒன்றை அவளே தேர்ந்தெடுத்துக்கொண்டு எழுந்து போனாள். கோபம் இல்லை, கிண்டல் இல்லை. கடையில் சரக்கு இல்லை என்று சொன்ன குரல். அம்மா என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைத் திருப்பினேன்.

அடுத்தது கோடு. பல் அடுக்குவதற்கு முன்னால் நோயாளியைச் சிரிக்கச் சொல்லி, உதட்டுக்குக் கீழே பல் எவ்வளவு தெரிய வேண்டும் என்று டாக்டர் வாயில் வைத்துப் பார்த்த மெழுகுப் பட்டையில் ஒரு கோடு போட்டு அனுப்புவார். அம்மா சிரிக்கவே இல்லை. டாக்டர் கெஞ்சிப் பார்த்துவிட்டு, உங்க அம்மாதானே, நீங்களே பார்த்துப் போட்டுக்குங்க என்று அக்காவிடம் விட்டுவிட்டார். கோடு இல்லாமல் மெழுகு வந்தால் லேபில் ஒரு வழக்கம் உண்டு. யார் அடுக்குகிறார்களோ அவர்களே மாஸ்க்கை இறக்கிக் கண்ணாடியில் லேசாகச் சிரித்து, தங்கள் உதட்டைப் பார்த்து ஒரு குத்துமதிப்பாகக் கோடு போட்டுக்கொள்வார்கள். எல்லோரும் செய்வதுதான், பெரும்பாலும் சரியாகவே வரும். அக்காவும் அப்படித்தான் போட்டாள்.

மெழுகில் அடுக்கிய செட்டை வாயில் வைத்துப் பார்க்கும் நாளன்று நானும் கூடப் போனேன். டாக்டர் செட்டைப் பொருத்தி, பேசச் சொன்னார், வாயைத் திறக்கச் சொன்னார். பல் தெரியவே இல்லை. உதட்டுக்குப் பின்னால் எங்கேயோ ஒளிந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். கோடு யாருடைய வாயைப் பார்த்துப் போட்டீர்கள் என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார், அவருக்கு ஒன்றும் தெரியாது.

அம்மா கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நிறுத்தி இழுத்துப் பிடிக்க அவளே பழக்கிய அக்காவின் உதடு அல்லவா. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினாள். இதுவே நன்றாக இருக்கிறது, மாற்ற வேண்டாம் என்று டாக்டரிடம் சொன்னாள். பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னாள்:

“உனக்கு இல்லாதது எனக்கு எதுக்கு?”

அக்கா செட்டைக் கழற்றிப் பஞ்சில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். தப்பாகிவிட்டது, மாற்றி அடுக்கிக் கொண்டுவருகிறேன் என்று டாக்டரிடம் மட்டும் சொன்னாள். அன்று சாயங்காலம் கொடியிலிருந்து எடுத்து வந்த துணிகள் நாற்காலியில் அப்படியே குவிந்து கிடந்தன. நானே மடித்து வைத்தேன். எனக்குச் சட்டை மடிக்க வராது.

செட் தயாராகி வந்ததும் மறுபடியும் போனோம். டாக்டர் மாட்டிவிட்டார். இந்தத் தடவை சரியாக இருந்தது, அம்மாவுக்கு ஏழெட்டு வயது குறைந்த மாதிரி. கன்னம் நிறைந்துவிட்டது. வெளியே காத்திருக்கும் அறையில் நாற்காலிகள் நிறைய ஆட்கள், ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். சீட்டு கொடுக்கும் பெண் அம்மாவைப் பார்த்து, அம்மா, எங்கே சிரிங்க பார்க்கலாம் என்றாள். சம்பிரதாயத்துக்குக் கேட்டதுதான். அம்மா அசந்துபோய்ச் சிரித்துவிட்டாள். சட்டென்று பக்கத்தில் நிற்கும் அக்காவின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வலது கை மேலே போய் வாயை மூடிக்கொண்டது. விரல்கள் சேர்ந்து, லேசாக வளைந்து, பார்த்தால் இருமலை அடக்குகிற மாதிரி இருக்கும். அக்காவின் கை. அப்படியே அக்காவின் கை.

“கையை எடும்மா” என்றாள் அக்கா.

அம்மா எடுக்கவில்லை. மூடிய கைக்குப் பின்னாலிருந்து, வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

“கையை எடுன்னு சொல்றேன்ல. நான் ராத்திரி பகலா அடுக்கினது அது. நாலு பேர் பாக்கட்டும்.”

முனகிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். அக்காவின் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்குத் தெரியாது, அவளுக்கே தெரிந்திருக்காது. நான் அவள் தோளைத் தொட்டேன், உதறிவிட்டாள்.

“மருந்து தெரியாம குடுத்தே. அது சரி. அதுக்கு நான் எதுவும் சொல்லலை. மூடிக்கோன்னு சொன்னியே, அது தெரிஞ்சுதானே சொன்னே?”

அம்மாவின் கை கீழே இறங்கியது. புதுப் பல் இன்னும் நாக்குக்குப் பழகவில்லை, வார்த்தைகள் குழறி வந்தன.

“ஆமாடி. தெரிஞ்சுதான் சொன்னேன். என்னை மன்னிச்சிடு.”

அக்கா அழுதாள். வாயைத் திறந்து, குழந்தை மாதிரி, சத்தமாக அழுதாள். மேலுதடு இழுத்துப் பிடிக்க ஆளில்லாமல் மேலே போய்விட்டது. கோடு கோடாக, சாம்பல் நிறத்தில், எல்லாப் பல்லும் தெரிந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். இரண்டு கையும் சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தன, அவள் மூடிக்கொள்ளவில்லை.