ராடாரை விழுங்கும் ரப்பரும் கல்பனாவின் கல்யாணமும்

எனக்கு வயது அறுபத்தாறு. வளர்த்தது ஐந்து. நான்கைக் கரையேற்றிவிட்டேன். கடைசிப் பெண் கல்பனாவின் கல்யாணத்தைப் போன வாரம் நானே கெடுக்கப் பார்த்தேன்!

இங்கே புனேயிலேயே, விஷ்ராந்த்வாடியிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். "வெள்ளிக்கிழமை முடிவைச் சொல்றோம்" என்று பையனின் அம்மா நம்பர் வாங்கிக்கொண்டார். எங்கள் கட்கி வீட்டில் இருப்பதே ஒரு மொபைல். புதுசு. தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. திருஷ்டி படாமல் இருக்குமா... நீங்களே சொல்லுங்கள்?

கறுப்பாக எதையாவது கட்டியாக வேண்டும். மூத்த மருமகன் சேகர் பிம்ப்ரி கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ரப்பர் ஷீட் துண்டு ஒன்று பரணில் கிடந்தது. காந்தப் பொடி கலந்தது. நல்ல கனம், அட்டைக் கறுப்பு. அதிலேயே ஒரு பை தைத்தேன். போனை உள்ளே வைத்து, நல்ல செய்தி வரும்வரை யாரும் எடுக்கக் கூடாது என்று வாயையும் தைத்துவிட்டேன். என் தையலில் குறை சொல்ல இந்தக் கட்கியில் ஆள் கிடையாது.

வெள்ளி போனது. சனியும் போனது. போன் மூச்சு விடவில்லை. கல்பனா தட்டைத் தள்ளி வைத்தாள். "என்னைப் புடிக்கலையாம்மா?"

ஞாயிறு காலை பையனின் அம்மாவே ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்.

"வேணான்னா வேணான்னு சொல்லிடுங்க! ரெண்டு நாளா அடிக்கிறோம், போனே போவல. அணைச்சு வெச்சு அவமானப்படுத்துறீங்களா?"

"திருஷ்டி படக் கூடாதுன்னு இதுல வெச்சுத் தைச்சேங்க" என்று பதறிப்போய்ப் பையை நீட்டினேன். ஞாயிற்றுக்கிழமை என்று வீட்டுக்கு வந்திருந்த சேகர் அதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அத்தே! ராடாருக்கு ப்ளேன் தெரியாம இருக்க மேல ஒட்டுற ஷீட்டு இது. வர்ற அலையை உறிஞ்சி சூடாக்கித் தீர்த்துடும். போனுக்கு எங்கேர்ந்து அலை கெடைக்கும்?"

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அந்த அம்மா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அரே பாப்ரே! அவ்ளோ பெரிய மெஷினுக்கே ப்ளேன் தெரியாதா?"

"தெரியாதுங்க."

"அப்போ எங்க எதிர்வீட்டுக்காரி பார்வை எம்மாத்திரம்!"

சேகர் ஏதோ விளக்க வந்தார். "நீங்க சும்மா இருங்க மாப்ளே" என்றேன்.

"பொண்ணை எங்களுக்குப் புடிச்சிருக்கு" என்றார் சம்பந்தியம்மா. "சீருன்னு ஒண்ணும் வேணாம். வீட்டு வாசலுக்கு, பையனோட பைக்குக்கு... இதுல முழு ஷீட்டா ஒண்ணு குடுத்துடுங்க."

கல்பனா தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். ஒரே உட்காரலில் எட்டு இட்லி.

படிக்காதவள் பேசி முடித்த சம்பந்தம் இது. எந்தப் படித்தவர் முடிப்பார்?

ப்ரியா, பாட்டி சொல்லச் சொல்ல நீ எழுதினது சரியா இருக்கா, படிச்சுக் காட்டு. மெதுவாப் படிடி... முழு ஷீட்டு விஷயத்தை உங்கப்பா இன்னும் கம்பெனியில கேக்கலை.