சிச்சேன் இட்சாவும் ரோசா வீட்டு அடுப்பும்

2016 பிப்ரவரியில் நானும் அம்மாவும் மெக்சிகோ போனது சுற்றிப் பார்க்க அல்ல, ஒரு பெண்ணைப் பார்க்க. மெரிடா நகரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் தம்பி செந்தில், ரோசா என்ற மாயா இனத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னதிலிருந்து அம்மா அவனோடு பேசவில்லை. மைன்ஸில் ஷிப்ட் பார்க்கும் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. "ஒருக்கா பாத்துட்டு, வேணாம்னு சொல்லிட்டு வந்துடுறேன்" என்று சொல்லித்தான் அம்மா நெய்வேலி குவார்ட்டர்ஸை விட்டே கிளம்பினார்.

மெரிடாவிலிருந்து, மாயா மக்கள் கட்டிய பழைய நகரமான சிச்சேன் இட்சா சுமார் நூற்றிருபது கிலோமீட்டர். காரில் ஒன்றரை மணி நேரம். ரோசாதான் ஓட்டினாள், பக்கத்தில் தம்பி. அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரே ஒரு முறை என்னிடம், "அதோ பாருடி, நம்ம இலவம்பஞ்சு மரம்!" என்றார். அது மாயா மக்களுக்குப் புனித மரமாம்.

பிரமிடு முன்னால் நான் வாயடைத்து நின்றேன். நான்கு பக்கமும் தலா தொண்ணூற்றொரு படிகள், உச்சியில் ஒன்று. ஓர் ஆண்டின் நாட்களையே படிகளாகக் கட்டியிருக்கிறார்கள். இரும்புக் கருவி இல்லை, சுமை இழுக்க மாடு இல்லை. ஆனால் பூஜ்ஜியம் தெரியும், வெள்ளிக் கிரகத்தின் ஓட்டம் தெரியும். ரோசா படிக்கட்டுக்கு எதிரே நின்று கைதட்டினாள். பறவை கூவுவதுபோல எதிரொலி வந்தது. அம்மாவும் தட்டினார். சிரிப்பு வந்துவிட்டது, மறுபடி தட்டினார்.

"இம்மாம் பெருசா கட்டினவங்க எப்பிடிடா அழிஞ்சி போனாங்க?" என்று தம்பியிடமே கேட்டார்.

அவன் ரோசாவிடம் கேட்டுச் சொன்னான். "தெக்க இருந்த பெரிய ஊருங்க, மழையில்லாம, ராஜாங்க சண்டை போட்டுக்கினே இருந்ததுல காலியாச்சாம். அப்புறம் இதுவும். ஊருதான் போச்சி, சனங்க இருக்காங்கம்மா. அவங்க வூட்டுக்கு வரச் சொல்றா."

அரை மணி தூரத்தில் கிராமம். மூன்று கல் அடுப்பில் ரோசாவின் அம்மா மக்காச்சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அம்மாவும் உட்கார்ந்து தட்டினார், எல்லாம் கிழிந்தது. இருவரும் சிரித்தார்கள். பிறகு ரோசாவின் அம்மா முகம் மாறி, மாயா மொழியில் ஏதோ சொன்னார். ரோசா தயங்கித் தயங்கி ஸ்பானிஷில் சொல்ல, தம்பி தலை குனிந்தபடி எங்களுக்குச் சொன்னான்.

"இவ்ளோ காலம் காப்பாத்துன பாஷை, மக உங்க ஊருக்கு வந்துட்டா பேரப்பசங்களோட போயிடுமேன்னு பயமாம். இந்தக் கல்யாணம் வேணாமாம்."

மறுக்க வந்த இடத்தில் மறுப்பைக் கேட்ட அம்மா, கையிலிருந்த மாவைக் கீழே வைத்தார். பிறகு மாவுக் கையோடு அந்த அம்மாவின் கையைப் பிடித்தார்.

"எம் புள்ள இங்கியே இருக்கட்டும்னு சொல்லுடா. பசங்க ரெண்டு பாஷையும் பேசட்டும். நான் வந்து வந்து பாத்துக்கறேன்."

கல்யாணம் அந்தக் கிராமத்திலேயே நடந்தது.

போகிறவர்களுக்கு: காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள், பத்துக்கு மேல் வெயிலும் கூட்டமும் தாங்காது. பிரமிடின் மேல் ஏற விடுவதில்லை. தொப்பி, தண்ணீர் அவசியம். அமெரிக்க விசா இருந்ததால் எங்களுக்கு மெக்சிகோ விசா தேவைப்படவில்லை. நீங்கள் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் ஏதாவது ஒரு கிராமத்தில் இறங்கிச் சாப்பிடுங்கள். இடிபாடுகளை மட்டும் பார்த்துவிட்டு வந்தால், அவர்கள் அழிந்துபோனவர்கள் என்றே நினைத்துக்கொண்டு ஊர் திரும்புவீர்கள்.