பொட்டு மறைத்த படம்

அந்த மருந்துப் பெட்டியின் முகப்பில் அரக்கு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கும். பொட்டுக்கு அடியில் ஒரு படம் இருந்தது. சிவப்பு வட்டம், அதற்குள் வயிறு தள்ளிய ஒரு பெண் உருவம், குறுக்கே ஒரு கோடு. கர்ப்பிணிகள் தொடவே கூடாத மருந்து இது என்று எழுத்துத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று யாரோ யோசித்துப் போட்ட படம். நான் அவர்களைவிட ஒருபடி மேலே யோசித்து, அதன்மேல் பொட்டை ஒட்டினேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. மார்க்கெட்டில் மீனை எடை போடும்போதுகூட அம்மா இதைச் சொல்லாமல் விடமாட்டாள். அந்தப் பட்டதாரி செய்த காரியம் இது.

என் முகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்லோருக்கும் வருகிற பரு இல்லை எனக்கு வந்தது. கன்னத்திலும் தாடையிலும் கட்டி கட்டியாக, தொட்டால் உயிர் போகிற வலியோடு வரும். உடையும், ஆறும், ஆறின இடம் குழியாகும், குழிக்குப் பக்கத்தில் அடுத்தது கிளம்பும். நெற்றியிலும் வந்ததால் பொட்டு வைப்பதையே விட்டிருந்தேன். கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரிகளை அனுப்பும் ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அங்கே பறக்கிற கரித்தூசுதான் காரணம் என்பது அம்மாவின் தீர்ப்பு. ராத்திரி கண் விழிக்கிறாள், அதனால் என்பது அண்ணனின் தீர்ப்பு. சந்தனம், மஞ்சள், வேப்பிலை, சங்கு உரைத்துப் பூசுவது, தெருவில் யார் எதைச் சொன்னாலும் அது என் முகத்துக்கு வந்து சேரும். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டில், காபி டம்ளரைக் கீழே வைப்பதற்கு முன்பே ஒரு அம்மாள், "புள்ளைக்கு அம்மை கிம்மை போட்டிருந்துச்சா?" என்று கேட்டாள். இல்லை என்று அம்மா சொன்ன குரல் எனக்கு இன்றும் கேட்கிறது. அன்றைக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. இதை அலங்காரத்துக்காக எழுதவில்லை. உண்மையாகவே அப்படி இருந்தது.

வாரம் ஒருநாள் வெளியூரிலிருந்து வந்துபோகும் தோல் டாக்டரம்மாவிடம் அம்மாவோடு போனேன். அவர் என் கன்னத்தை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னார். பிறகு என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். களிம்புகள் உனக்குப் போதாது, ஒரு மாத்திரை இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே கேட்கும், மேலும் குழி விழாமல் காப்பாற்றும். ஆனால் கடுமையானது. உதடு வெடிக்கும், கண் காயும், மூட்டு வலிக்கலாம். ஈரலையும் கொழுப்பையும் ரத்தத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மனசு காரணமில்லாமல் சோர்ந்தால் உடனே வந்து சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இதைச் சாப்பிடும்போது வயிற்றில் குழந்தை உண்டானால் அதற்குப் பெரிய ஊனங்கள் வரலாம். நிறுத்திய பிறகும் ஒரு மாதம் போக வேண்டும். கல்யாணம் நிச்சயமானால் முதலில் எனக்குச் சொல். இந்த மாத்திரையை வேறு யாருக்கும் கொடுக்காதே. இவ்வளவையும் சொல்லிவிட்டு, கல்யாணமாகாத பெண்ணாயிற்றே என்று நினைக்காமல், சிறுநீர்ச் சோதனையும் எடுத்த பிறகே சீட்டு எழுதினார்.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். ஒருபக்கம் ஈரல், கண், மூட்டு, மனசு, பிறக்காத குழந்தை. இன்னொரு பக்கம் என் கன்னம். கன்னம்தான் கனமாக இருந்தது. எனக்கு இருந்த ஒரே பயம் அம்மா. கல்யாணமாகாத மகளின் மருந்துப் பெட்டியில் கர்ப்பிணிப் படம், அதற்கு முன்னால் ஒரு மூத்திரப் பரிசோதனை. இது தெரிந்தால் மாத்திரையைக் கடலில் வீசிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அவளுக்குத் தெரிந்தது மார்க்கெட்டுக்குத் தெரியவும் அதிக நேரம் ஆகாது. "உள்ளார என்னடி சொன்னாங்க?" என்று கேட்டாள். "சத்து மாத்திரைம்மா, கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்குமாம்" என்றேன். பெட்டிக்குள் இருந்த விவரத்தாளைக் கிளினிக் வாசலிலேயே கிழித்துப் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் கிடந்த அட்டையிலிருந்து ஒரு பொட்டை உரித்துப் படத்தின்மேல் அழுத்தினேன். பிறகு வாங்கிய மாத்திரைப் பட்டைகளையும் அந்த ஒரே பெட்டிக்குள்தான் வைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் மாத்திரைக்கென்று ஒரு பிஸ்கட் டின் உண்டு. காரைக்கால்மேட்டில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. அப்பாவின் பிரஷர் மாத்திரை, அண்ணன் கடலுக்குப் போகும்போது எடுத்துப்போகும் காய்ச்சல் மாத்திரை, யாருக்கோ எப்போதோ வாங்கி மிஞ்சிய வயிற்றுவலி மாத்திரை, எல்லாம் அதில்தான் கிடக்கும். யாருக்கு என்ன வந்தாலும் கை அந்த டின்னுக்குள் போகும். பக்கத்து வீட்டுக்காரி தலைசுற்றுகிறது என்று வந்தால் அப்பாவின் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பாள் அம்மா. நல்ல மனசோடுதான். உனக்குக் கேட்டது எனக்கும் கேட்கும் என்பது எங்கள் ஆட்களின் வைத்தியம். சாப்பாட்டோடு சாப்பிட வேண்டிய மாத்திரை என்பதால் நானும் பெட்டியை அந்த டின்னுக்குள்தான் போட்டேன். வேறெங்காவது ஒளித்தால்தான் சந்தேகம் வரும் என்பது என் புத்திசாலித்தனம்.

மூன்றாவது மாதம் கட்டிகள் அடங்கின. மார்க்கெட்டில் அம்மாவின் பெருமை தாங்க முடியவில்லை. வீட்டில் என்னைவிடச் சந்தோஷப்பட்டது அண்ணி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தினமும் என் முகத்தைத் திருப்பிப் பார்த்து, "கன்னம் மொழுமொழுன்னு ஆயிட்டு பாப்பா, இனிமே மாப்பிள்ள வூட்டுக்காரங்க வரிசையில நிக்கணும்" என்பாள். அவளுக்கும் மாதா மாதம் தாடையில் நாலைந்து பரு வரும். அண்ணன் விசைப்படகில் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். வரும் நாளில் அவள் கண்ணாடி முன்னால் நிற்பது எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாகக் குழந்தை இல்லையே என்று தெருவில் கேட்கிறவர்களுக்கு அவள் சிரித்துக்கொண்டே பதில் சொல்வதும் தெரியும். இதெல்லாம் தெரிந்தும், டின்னில் கிடக்கிற பெட்டியையும் அண்ணியையும் நான் ஒருநாளும் சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை.

ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். சுறாப்புட்டு. முதல் வாயிலேயே அண்ணி ஸ்ஸ் என்று வாயைப் பொத்திக்கொண்டாள். உதட்டின் இரண்டு ஓரமும் வெடித்திருந்தது. அந்த வெடிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று மாதமாக என் உதட்டில் இருப்பதுதான். சாப்பிட்ட கையோடு எழுந்துபோய் டின்னைத் திறந்து எண்ணினேன். எட்டு மாத்திரை குறைந்தது. பின்னாலேயே வந்தவள் வெட்கத்தோடு நின்றாள். "கோச்சுக்காத பாப்பா. உனக்கு இவ்ளோ நல்லா கேட்டுச்சேன்னு ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டேன்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கையைப் பிடித்துக் காதருகே வந்தாள். "இன்னொன்னு சொல்றேன். அத்தைக்கிட்ட இப்ப சொல்லாத. எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு. இன்னைக்கோட ஒம்பது நாளு."

அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அதற்கு முன் அவளிடம் பார்த்ததில்லை. சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் அப்போதும் முழுசாகச் சொல்லும் தைரியம் வரவில்லை. "அண்ணி, இந்த மாத்திரை கர்ப்பத்துக்கு ஆவாதாம். ஆபீஸ்ல நெட்ல இப்பதான் படிச்சேன். டாக்டர் எங்கிட்ட சொல்லவேயில்ல அண்ணி" என்றேன். என்னிடம் அத்தனையும் பொறுமையாகச் சொன்ன அந்த டாக்டரம்மாவின் தலையில் பழியைப் போட்டேன். அண்ணியின் கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. டாக்டரம்மா வரும் நாளில், மாத்திரை வாங்கப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு இருவரும் போனோம். அவர் என்னைத் திட்டவில்லை. ஒருதரம் பார்த்தார், அவ்வளவுதான். சிறுநீர்ச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. இந்த மருந்தாலேயே சிலருக்கு நாள் தள்ளும், இரண்டு நாள் கழித்து ரத்தத்திலும் பார்த்துவிடுவோம், உண்டாகியிருந்தால் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும் என்றார். என்ன முடிவு என்று அண்ணி கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவள் வீடு வரும்வரை திரும்பவில்லை.

அந்த இரண்டு நாளும் நான் காரைக்கால் அம்மையாரை வேண்டிக்கொண்டேன், மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். குழந்தைக்காக இரண்டு வருஷமாக விரதம் இருக்கும் ஒருத்தியின் வயிற்றில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அண்ணி வந்து பக்கத்தில் நின்றாள். "வந்துட்டு பாப்பா" என்றாள். என் வாயிலிருந்து "அப்பாடா" என்று வந்துவிட்டது. சத்தமாகவே வந்தது. அண்ணி என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அம்மா வைத்துவிட்டுப் போயிருந்த சங்கரா மீனை எடுத்துக்கொண்டு அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து செதில் சீவ ஆரம்பித்தாள். சீவிக்கொண்டே அழுதாள். எனக்கு ஆபத்து நீங்கியது, அவளுக்கு நம்பிக்கை போனது, இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான். அந்த "அப்பாடா"வை மட்டும் விழுங்கியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றும்.

மாத்திரையை நான் நிறுத்தவில்லை. மிச்ச மாதங்களையும் சாப்பிட்டு முடித்தேன். டின்னில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொண்டேன், பெட்டியோடு. அந்த நாட்களில் ஒருதரம் பார்த்தபோது பொட்டு கொஞ்சம் கோணலாக இருந்தது. வெக்கையில் நகர்ந்திருக்கும் என்று நினைத்து அழுத்திவிட்டேன். முகம் தெளிந்தது. பழைய குழிகள் போகவில்லை, புதிது வரவில்லை. கல்யாணமாகித் தலத்தெருவில் புகுந்த வீட்டுக்கு வந்தேன். முகத்துக்காக மட்டுமா என்னைக் கட்டிக்கொண்டார்கள் என்றால் தெரியாது. ஆனால் தலையை நிமிர்த்தி நாலு பேரிடம் பேச எனக்கு வந்தது அந்த மாத்திரைக்குப் பிறகுதான். அதனால் யாராவது அதை விஷம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். விஷமாக இருந்தது நான் ஒட்டிய பொட்டு. இரண்டு வருஷம் கழித்து அண்ணிக்கு ஒரு பெண் பிறந்தாள். பிறந்த அன்றைக்கு நான் அதன் கைவிரல், கால்விரல், காது எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தேன். எட்டு மாத்திரைக்கும் அந்தக் குழந்தைக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தும் எண்ணினேன்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது பதினாறு. என் தோலையே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். துப்பட்டாவால் கன்னத்தை மூடிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். போன மாதம் ஒரு இளவயது டாக்டர் அதே மருந்தைச் சொன்னார். அண்ணன் ஒரே பிடியாக வேண்டாம் என்றான். அண்ணி எனக்குப் போன் செய்து வரச் சொன்னாள். கிளினிக்கில் டாக்டர், பெற்றவர்கள் கொஞ்சம் வெளியே இருங்கள் என்றார். அவள் தனியாக உங்களிடம் பேசட்டும், அதற்கப்புறம் எங்களையும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு அண்ணி வெளியே வந்தாள். கூப்பிட்டதும் அண்ணன், அண்ணி, நான் மூன்று பேரும் உள்ளே போனோம். "புள்ள உண்டாவக் கூடாதுன்னு சொல்வீங்களே, அதை இவங்க அப்பா காதுலயும் போடுங்க சார். இதுல மறைக்க என்னா இருக்கு?" என்றாள் அண்ணி. அண்ணன் தரையைப் பார்த்தான், ஆனால் காது கொடுத்துக் கேட்டான். ரத்தம் எப்போதெல்லாம் பார்க்க வேண்டும், மனசு சோர்ந்தால் எப்படித் தெரியும், பரீட்சை நேரத்தில் தொடங்கலாமா என்று அண்ணி ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில் மகளிடம் திரும்பி, "நீ சொல்லு" என்றாள். அவள், "சாப்பிடுறேம்மா" என்றாள்.

அன்றைக்கு மத்தியானச் சோற்றோடு முதல் மாத்திரை. விழுங்கியதும் பெண் அந்தப் பெட்டியைப் படம் தெரியாதபடி சுவர்ப்பக்கம் திருப்பி அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். அண்ணி எழுந்துபோய் அதை முன்பக்கமாகத் திருப்பினாள். திருப்பிவிட்டு, என்னைப் பார்க்காமலேயே சொன்னாள். "அன்னைக்கு நீ ஒட்டியிருந்த பொட்டு என் அட்டையில உள்ளது பாப்பா. நீதான் அப்ப பொட்டே வக்கிறதில்லையே. நாம ரெண்டு பேரும் டாக்டரைப் பாத்துட்டு வந்த அன்னைக்கே உரிச்சுப் பாத்தேன். படம் இருந்துச்சு. மறுபடி ஒட்டி வச்சுட்டேன்."

பதினெட்டு வருஷம். "ஏன் அண்ணி கேக்கல? என்னைய நாலு அறை அறைஞ்சிருக்கலாம்ல" என்றேன்.

"கேட்டிருந்தா நீ வெக்கத்துலயே மாத்திரைய நிறுத்திருப்ப. மூஞ்சி பாதியில நின்னுருக்கும்" என்றாள் அண்ணி. பிறகு, சோறு ஆறுகிறது, உட்கார்ந்து சாப்பிடு என்றாள். நான் உட்கார்ந்தேன். எதிரே அலமாரியில் சிவப்பு வட்டமும் அதற்குள் இருந்த பெண்ணும் எல்லோரும் பார்க்கும்படி இருந்தார்கள்.