லவங்கத் தைலமும் லீலாவதியின் கன்னமும்

செஞ்சிக் கடைத்தெருவில் குணபாலன் நயினார் தைலக்கடை வைத்திருந்தார். நல்ல மனுஷர், கொஞ்சம் பிடிவாதக்காரர். சமணக் குடும்பம். கண்ணுக்குத் தெரியாத உயிர் எதுவும் வயிற்றுக்குள் போய்விடக் கூடாதென்று தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். ஸ்னோ, க்ரீம் எதையும் கடைக்குள் விடமாட்டார். அதிலெல்லாம் மிருகக் கொழுப்பு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். யார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

"தைலம்னா இன்னா? இலையும் பூவும்தானே? ஒரு உயிரையும் கொல்லாம வந்தது. யாருக்கும் ஒண்ணும் செய்யாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சத்தியம் செய்வார்.

அவர் மனைவி லீலாவதிக்கு இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு. அக்கா கொடுத்த ஸ்னோ டப்பாவைப் பருப்புப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் பூசி வந்தாள். அறுபத்து நாலாம் வருஷம் ஆவணியில் அது அவர் கண்ணில் பட்டுவிட்டது. அவர் திட்டவில்லை. முகம் வாடி, சாப்பிடாமலே கடைக்குப் போய்விட்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு லவங்கத் தைலத்தை எடுத்தாள். ஒன்றும் செய்யாத பொருளைச் சொட்டுச் சொட்டாகத் தடவுவானேன் என்று உள்ளங்கை நிறைய ஊற்றி அப்பிக்கொண்டாள்.

நெருப்பாய் எரிந்தது. மருந்து வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடும் சமண வழக்கப்படி வீட்டுக்கு வந்த கணவருக்கு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சோறு போட்டாள்.

"இன்னா ஆச்சு லீலா?"

"பல்லு வலிங்க."

பல்வலிக்கு லவங்கத் தைலம்தானே! பாவம், ஓடிப்போய் அதே குப்பியைக் கொண்டுவந்து நீட்டினார். அவள் பதறிப் பின்வாங்கியதில் முந்தானை நழுவியது. கன்னம் இரண்டும் கொப்பளித்து, வலது கண் வீங்கி மூடியிருந்தது.

ஆஸ்பத்திரியில் "கண்ணு போயிடுமா?" என்று நூறு தடவை கேட்டிருப்பார். கம்பவுண்டர் ஜெயராமன் புண்ணைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "டாக்டர் பாத்துட்டாரு, கண்ணு தப்பிச்சுது. ஏன் நயினாரே, எருக்கம்பாலும் செடியில வர்றதுதான், கண்ணுல வுடுவீங்களா? தைலமோ ஸ்னோவோ, மொதல்ல முன்கையில துளி தடவி ஒரு நாள் பாக்கணும். தைலத்த எண்ணெயில கலக்காம தொடவே கூடாது."

"நான்தான் அதிகமா ஊத்திட்டேன். உங்க தைலத்து மேல தப்பில்ல" என்றாள் லீலாவதி. அதைக் கேட்டதும் குணபாலன் அழுதேவிட்டார்.

சில நாட்களில் சமணர்கள் எல்லா உயிர்களிடமும் மன்னிப்புக் கேட்கும் நாள் வந்தது. வருஷா வருஷம் எறும்பு வரைக்கும் கேட்பார். கட்டிய மனைவியிடம் கேட்டதில்லை. அன்று காலை அவள் முன்னால் வந்து நின்று கைகூப்பினார். சட்டைக் கை சரிந்து, முன்கையில் ஏழு சிவந்த தழும்புகள் தெரிந்தன.

"இதெல்லாம் இன்னாங்க?"

"கடையில இருக்கிற தைலம்தான். ஒவ்வொண்ணா தடவிப் பாத்தேன், ஏழு சுட்டுது. எல்லாத்தையும் ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லித்தான் வித்தேன்." அவர் மறுபடி கைகூப்பினார். "கண்ணுக்குத் தெரியாத உயிருக்கெல்லாம் பயந்தேன் லீலா. கண்ணெதிர்ல இருக்கிற உன்னைச் சுட்டுட்டேன். மன்னிச்சிடு."

அவள் உள்ளே போய்த் தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து, அவர் கையை மடியில் வைத்து, ஏழு இடத்திலும் மெல்லத் தடவிவிட்டாள்.