பன்னிரண்டாவது கேள்வி

வருமான வரிப் படிவம் அனுப்பும் மாதம் வந்தால், கடலுக்கு அக்கரையில் உள்ள பாகான் டாலாமிலிருந்து என் தங்கையின் கணவர் போன் செய்வார். வந்த மின்னஞ்சலை மங்கும் கண்ணால் எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டி, "மச்சான், இது நெசமா, ஏமாத்தா?" என்பார். அந்த ஆண்டு பதினோரு முறை கேட்டார். எண்ணி வைத்திருந்தேன்.

என் பேத்தியின் பிறந்தநாளில், உறவினர் எல்லார் முன்னாலும், "பதினொன்னு ஆச்சு மாப்ளே. அடுத்த கேள்விக்கு டிக்கெட் எடுக்கணும்லா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மறுவாரம், கூடுதலாகக் கட்டிய வரி திரும்பி வருவதாக அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. என்னைக் கேட்காமல், அதிலிருந்த இணைப்பை அழுத்தி, வங்கிக் கடவுச்சொல்லையும் கைப்பேசிக்கு வந்த எண்ணையும் கொடுத்துவிட்டார். அவர் கண் அறுவை சிகிச்சைக்குச் சேர்த்த பணம் முழுதும் போனது. கேட்டிருந்தால், வரி அலுவலகம் கடவுச்சொல் கேட்காது என்று ஒரே வரியில் சொல்லியிருப்பேன்.

ஃபெரி பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். "ஒரு போன் போட்டா என்ன மாப்ளே?"

என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "டிக்கெட் வெல தெரியல மச்சான்."

தங்கை இரண்டு குவளை தேநீர் கொண்டுவந்தாள். ஒன்றை அவர் கையில் வைத்தாள். மற்றதைத் தானே குடித்தாள்.